ஏழு வரி நோட்டும் ஒரு வாரக் காட்சியும்

"மாசக் கலண்டரு எனக்கு வேண்டாம் மக்களே. இந்த ஆழ்ச்சையில என்ன கிடக்கு, அதை மட்டும் காட்டு."

திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு சின்ன மொபைல் ஆப் செய்து கொடுத்திருந்தேன். புக்கிங் பதியலாம், அட்வான்ஸ் குறித்துக்கொள்ளலாம், மாதக் கலண்டரில் வேலை உள்ள தேதிக்குக் கீழே ஒரு புள்ளி விழும். ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே உள்ளதைச் சொன்னார். ஆழ்ச்சை என்றால் வாரம். வெள்ளியாழ்ச்சை, சனியாழ்ச்சை என்று கிழமைகளைச் சொல்வது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இன்றும் காதில் விழும்.

சரி, இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். மாதக் காட்சியில் ஐந்தாறு வரிசை இருக்கிறது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைத்தால் வாரக் காட்சி, அவ்வளவுதானே. ஃபிளட்டர் என்ற கருவித்தொகுப்பில் ஆப் செய்கிறவர்கள் பலரும் எடுத்துக்கொள்ளும் டேபிள் கேலண்டர் என்ற பேக்கேஜில், அதாவது ஆயத்தக் கோடுத் தொகுப்பில், மாதம், இரண்டு வாரம், ஒரு வாரம் என்று மூன்று வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. கோடில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் வாரம் வந்துவிடும். மாற்றினேன், வந்தது. ஏழு தேதி, ஏழு புள்ளி. கொண்டுபோய்க் காட்டினேன்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மேசை டிராயரைத் திறந்து பழைய நோட்டை எடுத்து விரித்தார். நீளவாக்கில் பைண்டு செய்த கணக்கு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். ஸ்கேல் வைத்து ஆறு கோடு போட்டு ஏழு வரியாகப் பிரித்திருந்தார். இடது ஓரத்தில் கிழமை. அதற்கு வலப்புறம் காலை, மதியம், ராத்திரி என்று மனக்கணக்கில் மூன்று பங்கு. "300 நாற்., 2 அண்டா, தக்கலை" என்பதுபோலக் குறிப்புகள். பாதிக்கு மேல் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். "இதுதான் வேணும். ஒருத்தன் போன்ல கேக்கும்போ எங்க சும்மா கிடக்குன்னு ஒரு நோட்டத்துல தெரியணும்."

மாதக் காட்சிக்கும் வாரக் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வடிவமைப்பு வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. மாதம் "என்றைக்கு வேலை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. வாரம் "எங்கே இடம் இருக்கிறது?" என்ற கேள்விக்கு. முதலாவதற்குப் புள்ளி போதும். இரண்டாவதற்கு வெற்றிடத்தை வரைய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வாரக் காட்சியில் வரும் சிக்கல்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது?

நாள் சூரியனைப் பார்த்து வந்தது, மாதம் நிலவைப் பார்த்து வந்தது, ஆண்டும் வானத்தைப் பார்த்து வந்ததுதான். வாரத்துக்கு வானத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது. ஏழு என்பது மனிதர் வைத்த கணக்கு. கிழமைகளின் வரிசைக்குப் பின்னால் பழைய ஓரைக் கணக்கு ஒன்று இருக்கிறது. சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்ற வரிசையில் ஒரு மணிக்கு ஒரு கோள் ஆட்சி செய்வதாக வைத்துக்கொண்டார்கள். 24 மணி நேரத்தை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. அதனால் மறுநாளின் முதல் ஓரை இந்த வரிசையில் மூன்று இடம் தள்ளி விழும். சனியிலிருந்து மூன்று தள்ளினால் ஞாயிறு, அதிலிருந்து மூன்று தள்ளினால் திங்கள். நம் கிழமை வரிசை இப்படி வந்ததுதான்.

இந்த மாவட்டத்தில் வாரம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. திங்கள்சந்தையை ஆங்கிலத்தில் மண்டே மார்க்கெட் என்றே எழுதுவார்கள். வெள்ளிச்சந்தை என்றும் ஓர் ஊர் இருக்கிறது. சந்தை கூடிய கிழமை ஊருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. கடற்கரையில் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. நாகர்கோவில் நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிறு என்றால் கூட்டம் தாங்காது. வேலையும் ஓய்வும் கிழமையை ஒட்டியே ஓடுகிற ஊரில் வாரம் என்பது வெறும் ஏழு நாள் இல்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம்.

நம்மூர் கலண்டர்கள் ஞாயிறில் தொடங்குகின்றன. பள்ளியில் கிழமை சொல்லிப் பழகியதும் ஞாயிறு, திங்கள் என்றுதான். மென்பொருள் உலகம் நாடு, மொழி வழக்கங்களுக்கு நம்பியிருக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பிலும் இந்தியாவுக்கு வாரத்தின் முதல் நாள் ஞாயிறு என்றே இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம். அதில் வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம்.

நிரல்மொழிகளும் ஒத்துப்போவதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0. ஆப்பிளின் கலண்டர் நூலகத்தில் ஞாயிறு 1. ஃபிளட்டரின் டார்ட் மொழியில் திங்கள் 1, ஞாயிறு 7. சர்வர் ஒரு மொழியிலும் ஆப் இன்னொரு மொழியிலும் இருந்தால், கிழமையை எண்ணாக அனுப்பினாலே ஒரு நாள் தள்ளிப்போவதற்கு வாய்ப்பு உண்டு. நான் கிழமையை எண்ணாக அனுப்புவதையே விட்டுவிட்டேன். தேதியை அனுப்பினால் கிழமையை அந்தந்த இடத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாரக் காட்சியில் சைகையால் தள்ளி அடுத்த வாரத்துக்குப் போக, ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் எண் வேண்டும். கணினிகள் நாள் எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1 ஒரு வியாழக்கிழமை. அதனால் நாள் எண்ணை அப்படியே ஏழால் வகுத்தால் வியாழனில் தொடங்கும் வாரம் கிடைக்கும். நான்கைக் கூட்டிவிட்டு வகுத்தால் ஞாயிறு வாரம், மூன்றைக் கூட்டினால் திங்கள் வாரம். இந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று கோடில் ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து எனக்கே மறந்துவிட்டது.

வார எண்ணோடு ஒட்டிய ஒரு பழைய பொறியும் இருக்கிறது. ஜாவாவில் ஆண்டை எழுத ஒய் என்ற எழுத்தைச் சிறியதாகப் போட்டால் வழக்கமான ஆண்டு. பெரியதாகப் போட்டால் "வாரம் சேர்ந்திருக்கும் ஆண்டு". ஆண்டு முழுக்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், டிசம்பர் கடைசியில்தான் பல்லைக் காட்டும். இந்திய அமைப்பில் ஜனவரி 1 விழும் வாரமே முதல் வாரம். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஆகவே 2026 டிசம்பர் 27 ஞாயிறிலிருந்தே அந்த ஆப் 2027 என்று காட்டத் தொடங்கிவிடும். ஐஎஸ்ஓ கணக்குள்ள நாட்டில் இதே பிழை நேர்மாறாக வரும். 2026க்கு அங்கே 53 வாரம் என்பதால் 2027 ஜனவரி 1, 2, 3 மூன்றும் 2026 என்று தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்த மறு வாரம், கல்யாண புக்கிங் குவிகிற நேரம். பில்லில் ஆண்டு தப்பாக விழுந்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

ஏழு பத்தி, 360 டிபி

கணினித் திரையில் வாரக் காட்சி என்றால் எல்லாருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். மேலே ஏழு கிழமை, இடது ஓரத்தில் மணி, நடுவில் வண்ணப் பெட்டிகள். அதை அப்படியே போனுக்குள் அடைக்க முடியுமா?

ஆண்ட்ராய்டு திரையை டிபி என்ற அலகில் அளப்பார்கள். நம்மூரில் அதிகம் புழங்கும் போன்களில் அகலம் ஏறத்தாழ 360 டிபி. மணி எழுதும் ஓரத்துக்கு 48 போனால் மிச்சம் 312. அதை ஏழால் வகுத்தால் ஒரு நாளுக்கு 44.5 டிபிதான். விரலால் தட்டும் இடம் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் சொந்த வழிகாட்டு விதி. ஆப்பிள் 44 புள்ளி போதும் என்கிறது. அதாவது முதல் கோட்டைப் போடும்போதே ஒரு விதி உடைகிறது. நாற்காலி தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறிய விரலுக்கு 48கூடச் சின்னதுதான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது தெரியும். கூகுள் கலண்டரின் மொபைல் ஆப்பில் நாள், வாரம், மாதம் தவிர "3 நாள்" என்று ஒரு காட்சி இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஐபோன் கலண்டரில் வெகு காலமாக, போனைக் கிடையாகத் திருப்பினால்தான் பத்தி பத்தியான வாரக் காட்சி வந்தது. நின்ற திரையில் ஏழு பத்தி கொள்ளாது என்பதை இருவரும் அவரவர் வழியில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். 44 டிபியில் "செவ்வாய்" என்று படிக்கிற அளவில் எழுத முடியாது, சுருக்கத்தான் வேண்டும். இங்கேதான் நான் மறக்காத பிழை ஒன்று நடந்தது. கிழமைப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுக்கும்படி எழுதினேன். திரையில் வந்தது ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் "செ" என்பது ஓர் எழுத்து இல்லை, ச என்ற குறியும் அதற்குப் பின் எகரக் குறியும் சேர்ந்த இரண்டு. கண்ணுக்கு எகரம் முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் அது பின்னால்தான் நிற்கும். கணினி முதல் குறியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டது. மனிதர் பார்க்கும் முழு எழுத்தாக வெட்டச் சொல்ல வேண்டும். டார்ட்டில் அதற்கென்றே தனி பேக்கேஜ் உண்டு, ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் இயல்பிலேயே அப்படித்தான். சரிசெய்தபின் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று வந்தது. ஏழும் ஏழு விதம். ஆங்கிலத்தில் முதல் எழுத்தை வெட்டினால் இரண்டு எஸ், இரண்டு டி மிஞ்சும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் நம்மைக் காப்பாற்றுகிறது, ஒழுங்காக வெட்டினால்.

ஆனால் இதெல்லாம் ஏழு பத்தி என்ற படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் வந்த பாடு. அண்ணாச்சியின் நோட்டில் கிழமைகள் பத்தியாக இல்லை, வரியாக இருந்தன. படத்தைப் படுக்கப்போட்டேன். ஏழு நாளும் ஏழு வரி, நேரம் இடமிருந்து வலம். 720 டிபி உயரமுள்ள திரையில் மேல்பட்டை, கீழ்ப்பட்டை போக 560 மிஞ்சினால் ஒரு நாளுக்கு 80 டிபி உயரம் கிடைக்கிறது. இனி விரலுக்குப் பஞ்சம் இல்லை. அகலத்தில் கிழமைக்கு 44 போக மீதி 316. கடைக்கு விடியற்காலை 4 மணி முதல் ராத்திரி 10 வரை பார்த்தால் போதும், 18 மணி நேரம். மணிக்கு 17.5 டிபி.

இரண்டு மணி நேர வேலைக்கு 35 டிபி அகலப் பெட்டிதான் வரும். அதற்குள் "ஆரல்வாய்மொழி" என்று எழுத முடியாது. முதலில் அது குறையாகப் பட்டது. அப்புறம் யோசித்தால், இந்தத் திரை பெயர் படிப்பதற்கானது அல்ல. நிறைந்த இடமும் காலி இடமும் தெரிந்தால் போதும். வரியைத் தட்டினால் அந்த நாள் விரிந்து பெயர், ஊர், அட்வான்ஸ் எல்லாம் வரும். இன்னொரு லாபமும் கிடைத்தது. ஏழு பத்திக் காட்சியில் மணி நேரங்களைப் பார்க்க மேலும் கீழும் தள்ள வேண்டும், வாரம் மாற்றப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் எதைச் செய்வதென்று ஆப்புக்குக் குழப்பம். ஏழு வரிக் காட்சியில் ஒரு வாரம் முழுதும் ஒரே திரையில் அடங்கிவிடுவதால் மேலும் கீழும் தள்ளும் வேலையே இல்லை.

எல்லா ஆப்புக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். டியூஷன் சென்டர் மாதிரி ஒரு மணிக்கு ஒரு வகுப்பு, பெயர் படித்தே ஆக வேண்டும் என்றால் இது உதவாது. அங்கே ஏழு நாளையும் பட்டியலாக, ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுவதே நல்லது.

அண்ணாச்சி கடைக்கு இன்னும் ஒன்று. அவருக்கு "காலி" என்பது நேரம் மட்டும் இல்லை, நாற்காலியும்தான். கையில் 600 நாற்காலி. ஞாயிறு காலை 300க்கு ஒரு வேலை இருந்தால் இன்னொரு 250க்கு வேலை எடுக்கலாம். வழக்கமான கலண்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டி விழுந்தால் மோதல் என்று சிவப்புக் காட்டும். இங்கே அது மோதல் அல்ல, வருமானம். அதனால் வரியின் 80 டிபி உயரத்தையே 600 நாற்காலியாக வைத்தேன். 300 போனால் அடியிலிருந்து 40 டிபி நிறையும். மேலே வெள்ளையாக மிஞ்சுவதுதான் கடையில் இருக்கும் நாற்காலி. கணக்கும் எளிது. ஒவ்வொரு புக்கிங்கையும் இரண்டு நிகழ்வாக உடைக்க வேண்டும், போகும் நேரத்தில் 300 கூட்டல், திரும்பும் நேரத்தில் 300 கழித்தல். எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கிக் கூட்டிக்கொண்டே போனால் எந்த நேரத்தில் எவ்வளவு வெளியே இருக்கிறது என்று தெரியும். ஒரே மணிக்கு ஒன்று திரும்பி ஒன்று போனால் திரும்புவதை முதலில் கணக்கிட வேண்டும். இல்லையென்றால், 600ம் வெளியே இருக்கும்போது 300 திரும்பி 300 போனால், ஒரு நொடிக்கு 900 நாற்காலி வெளியே இருப்பதாகக் காட்டும். பாத்திரங்களுக்கு வேறு கணக்கு, கழுவிக் காயவைக்க அரை நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை அண்ணாச்சி சொல்லவில்லை. கழுவுகிற அக்கா சொன்னார்.

ராகு காலத்தையும் இளஞ்சாம்பல் பட்டையாகப் போட்டுப் பார்த்தேன். திங்கள் 7.30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4.30 என்று அது கிழமைக்குக் கிழமை மாறும், ஆனால் வாரத்துக்கு வாரம் மாறாது. வாரக் காட்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு தகவல். கொஞ்சம் கண்ணை உறுத்தியது. வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று அமைப்புக்குள் தள்ளிவிட்டேன்.

பொய்க் காலி

வெற்றிடத்தைக் காட்டுவதுதான் வேலை என்றால், காலி இல்லாத இடத்தைக் காலி என்று காட்டுவதைவிடப் பெரிய பிழை இல்லை. மாதக் காட்சியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் யாராவது கேட்பார்கள். வாரக் காட்சியில் பெட்டி விட்டுப்போனால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம்.

முதல் பொய் தரவுத்தளத்திலிருந்து வந்தது. இந்த வாரத்து வேலைகளைக் கொடு என்று கேட்க, "தொடங்கும் நேரம் இந்த வாரத்துக்குள் இருப்பவை" என்று எழுதியிருந்தேன். யாருக்கும் இப்படித்தான் எழுதத் தோன்றும். சனிக்கிழமை சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போன நாற்காலி ஞாயிறு மதியம்தான் திரும்பும். அது தொடங்கியது போன வாரம், ஆகவே இந்த வாரப் பட்டியலில் வராது. கல்யாணம் பெரும்பாலும் ஞாயிறில் விழுகிற ஊரில், வாரம் ஞாயிறில் தொடங்குகிற ஆப்பில், வாரத்தின் மிகப் பரபரப்பான காலையே காலியாகத் தெரிந்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாரம் முடியும் முன் தொடங்கி, வாரம் தொடங்கிய பின் முடிபவை எல்லாம் வேண்டும். இரண்டு ஒப்பீடுதான், ஆனால் குறுக்கே ஒப்பிட வேண்டும். வேலையின் தொடக்கத்தை வாரத்தின் முடிவோடும், வேலையின் முடிவை வாரத்தின் தொடக்கத்தோடும். மூன்று வாரம் நீளும் திருவிழாப் பந்தல் வேலைகூட இதில் தப்பாது.

இரண்டாவது பொய் நேர மண்டலத்தால். இந்திய நேரம், கணினிகள் பொது அளவாக வைத்திருக்கும் யூடிசி என்ற உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே. நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6.30. ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் நள்ளிரவை எடுத்து உலகத் தர வடிவில் எழுதச் சொல்லி, முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் நேற்றைய தேதி கிடைக்கும். ஞாயிறு புக்கிங் சனியில் போய் உட்காரும், சனி போன வாரத்தில் இருக்கும். இந்த வாரத்தில் அது இல்லவே இல்லை. முழு நாள் வேலைக்கு நேரமே வைக்காமல் தேதியை மட்டும் சேமிப்பதுதான் இதற்கு மருந்து.

அப்புறம் துபாய். அண்ணாச்சியின் மகன் அங்கே இருக்கிறார், கணக்கு பார்ப்பது அவர்தான். இந்த மாவட்டத்தில் எந்தக் கடைக்கு ஆப் செய்தாலும் வளைகுடாவில் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று எடுத்துக்கொள்வது நல்லது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னே. ஞாயிறு அதிகாலை 12.30க்கு லோடு ஏறுகிறது என்றால் அவர் போனில் அது சனி ராத்திரி 11 மணி. அப்பாவுக்கு இந்த வாரம், மகனுக்குப் போன வாரம். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளும்போது ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலி திங்கள்சந்தையில்தான் இருக்கிறது, எனவே எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் கடையின் நேரத்தையே காட்டும்படி மாற்றினேன். பார்க்கிறவர் நேரமா, நிகழ்வின் நேரமா என்பது ஒவ்வொரு ஆப்பும் எடுக்க வேண்டிய முடிவு. ஆன்லைன் கூட்டத்துக்குப் பார்க்கிறவர் நேரம். பந்தலுக்குக் கம்பு ஊன்றும் இடத்தின் நேரம்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடை நேரம் துபாயில் கிடையாது, நமக்கும் கிடையாது. லண்டனில் உண்டு. அடுத்த வாரம் என்பதை 168 மணி நேரம் கூட்டிக் கணக்கிட்டிருந்தால், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும் வாரத்தில், ஞாயிறு நள்ளிரவோடு 168 மணி கூட்டினால் சனி இரவு 11தான் வரும். விரலால் தள்ளினாலும் அதே வாரம் திரும்ப வந்து நிற்கும். ஏழு நாள் கூட்டு என்று கலண்டரிடம் சொல்ல வேண்டும், மணியைக் கூட்டக் கூடாது.

வாராவாரம் வருபவை

திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு ஐகேலண்டர் என்ற தரம் இருக்கிறது. ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாக 2009இல் வந்தது. அதிலே வாரத்தின் முதல் நாளைச் சொல்ல ஒரு தனி இடம் உண்டு. அதற்கு ஏன் தனி இடம் என்று பலருக்குப் புரியாது. ஒரு ஜெபக்கூட்டத்துக்கு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாயும் ஞாயிறும் நாற்காலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜூன் 2, செவ்வாய் முதல் நாள். வாரம் திங்களில் தொடங்குவதாக வைத்தால் ஜூன் 2, 7, 16, 21. ஞாயிறில் தொடங்குவதாக வைத்தால் ஜூன் 2, 14, 16, 28. சொன்ன வார்த்தை ஒன்றுதான். ஜூன் 7 ஞாயிறு அதே வாரத்தின் கடைசி நாளா, அடுத்த வாரத்தின் முதல் நாளா என்பதில் எல்லாம் மாறிப்போகிறது. வாரத் தொடக்கத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளட்டும் என்று அமைப்பில் ஒரு பொத்தான் வைத்தால், அது திரையை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஏற்கெனவே எடுத்த புக்கிங்கின் விதி, எடுத்த நாளில் இருந்தபடியே நிற்க வேண்டும்.

எல்லாம் இந்த விதிக்குள் அடங்காது. மாதத்தின் கடைசிச் செவ்வாய் என்று ஐகேலண்டரில் எழுதலாம். மண்டைக்காட்டு மாசிக் கொடை மாசி மாதத்தின் கடைசிச் செவ்வாய். மாசி என்பது ஆங்கில மாதம் இல்லை, பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடிவது. பிப்ரவரியின் கடைசிச் செவ்வாய் என்று எழுதினாலும் தப்பு, மார்ச்சின் கடைசி என்றாலும் தப்பு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும், அது நேரடித் தேதி, பிரச்சினை இல்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளங்களும் விசைப்படகுகளும் ஓடும் ஊர்களில் கல்யாணத் தேதிகூட இதைப் பார்த்து வைப்பவர்கள் உண்டு. இதையெல்லாம் கோடுக்குள் எழுதிவைப்பது வீண் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தையும் அரசு அறிவிப்பையும் பார்த்துக் கையால் பதியும்படி ஒரு சின்னத் திரை வைத்தேன். ஜனவரியில் அரை மணி நேர வேலை.

இப்போது அண்ணாச்சி ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது நான் எதிர்பார்க்காத ஒன்று. சனிக்கிழமை ராத்திரி அடுத்த வாரத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேலையாட்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவர்கள் யாரிடமும் ஆப் இல்லை. போடத் தொடங்கிய புதிதில் ஒரு பையன் குழுவைப் புதன்கிழமை திறந்து, போன வாரத்துப் படத்தைப் பார்த்து, லோடு இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். திரையில் "இந்த வாரம்", "அடுத்த வாரம்" என்றுதான் தலைப்பு இருந்தது. படத்தில் அது என்றைக்கும் அடுத்த வாரமாகவே இருக்கும். தலைப்பை எடுத்துவிட்டு "ஜூன் 7 ஞாயிறு – 13 சனி" என்று பெரிய எழுத்தில் போட்டேன். ஊர்ப் பெயர்களையும் வரிக்குள் காட்டச் சொல்லி அண்ணாச்சி கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப் படத்தில் வரியைத் தட்டி விரிக்க முடியாதே.